கவணை

கொம்பியூட்டர் சொல்லிவிட்டது, இனி ஏலாது என்று.
வேலைக்கு ஆள் எடுக்காத கம்பெனிகள்
கடிதம் எழுதுகிற அதே மரியாதையான ஜேர்மனில்:
இந்தச் சாதனம் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை.

பதின்மூன்று வருசம்
வுப்பர்டாலில், மூன்றாம் மாடியில்,
குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தது.
மாரியில் பூனைக்கு அதன் முதுகுதான் அடுப்பு.
தொங்கு ரெயில் ஆற்றுக்கு மேலே போனால்
திரை ஒருதரம் நடுங்கும்.
அது ரெயிலாலா, வயசாலா,
நாங்கள் விசாரிக்கவில்லை.

அருள்நேசன் கடை விளம்பரத் தாளை விரித்து
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோவை வட்டமிட்டார்.
விண்டோஸ் உள்ளுக்கே இருக்காம்,
வரிப் படிவம் நிரப்பச் சுகமாம்.
நிலானி ஆப்பிளைப் பற்றி ஒரே ஒரு சொல் சொன்னாள்: வடிவு.
அந்த வடிவுக்கு இன்னும் அறுநூறு.
ஆஹனிலிருந்து ஆதிரையன் போனில் கத்தினான்:
எறிஞ்சு போடாதீங்கோ! மெமரியைக் கூட்டிப்போட்டு
லினக்ஸ் போடுவம். சனிக்கிழமை வாறன்.

விடிய நாலு மணிக்குப் பேக்கரியில் மா குழைக்கிறவள் நான்.
எதைப் போட்டால் எது பொங்கும் என்று
அங்கே மட்டும்தான் என்னைக் கேட்பார்கள்.

சனிக்கிழமை
நகம் அளவு குச்சி ஒன்றைச் செருகினான்.
எந்த மொழி என்று முதலில் கேட்டது.
பட்டியலில் எங்கேயோ கீழே தமிழும் நின்றது.
கண்டதும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன்.
வரிப் படிவத்தை நினைத்து
ஜேர்மனைத்தான் எடுத்தோம்.

எல்லாம் நல்லாய் ஓடியது.
விசிறி இரையவில்லை. பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.
'கடிதங்கள்' என்ற பெட்டியைத் திறந்தேன்.

mk;kh

இப்படித் தொடங்கி, பக்கம் பக்கமாய்
கமாவும் அரைப்புள்ளியும் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்.
பழுதாப் போச்சு, என்றார் அருள்நேசன்.
இல்லை, பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், என்றான் மகன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாசித்துக்கொண்டிருந்தேன்.

கண் அல்ல, விரல்தான் வாசித்தது.
m என்றால் அ. k என்றால் ம. அரைப்புள்ளி குற்று.
அம்மா, நான் சுகம்.

தேவகுஞ்சரன் சொல்லச் சொல்ல நான் அடித்தது.
இந்தப் பெட்டிக்கும் முந்தின பெட்டியில்.
ரெஸ்டோரன்ட் எண்ணெயில் வலக்கை வெந்து,
துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:
கையெழுத்தைக் காணாட்டி அம்மா பயப்பிடுவா, அக்கா.
கந்தோரில வேலை எண்டு போடுங்கோ.
சொந்தமாக் கொம்பியூட்டர் வாங்கி
நானே அடிக்கிறன் எண்டு போடுங்கோ.

போட்டேன்.
ஜேர்மன் விசைப்பலகையில் y இருக்க வேண்டிய இடத்தில் z.
அதனால் என் கை ல என்று நினைத்து அடித்தால்
ண என்று விழும்.
'நீங்கள் ஒண்டுக்கும் கவணைப்படாதேங்கோ.'
அப்படியே தபாலில் போனது.

ஒன்றரை மாதத்தால் பதில் வந்தது.
பேக்கரிக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான்:
தம்பி, உன்ர கொம்பியூட்டர்
வெள்ளைக்காரன் மாதிரியெல்லே தமிழ் கதைக்குது.
நாங்கள் எல்லாரும் இஞ்ச கவணையில்லாமல் இருக்கிறம்.
உன்ர கைக்கு என்ன நடந்தது?

ஆதிரையன் எங்கிருந்தோ ஒரு நிரலை இறக்கினான்.
பாமினியை யுனிகோட் ஆக்குமாம்.
தேத்தண்ணி ஆறுவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு கோப்பும்
தமிழாகி வந்தன.
கவணை கவணையாகவே வந்தது.

பிழை கிடக்கு அம்மா, என்று
அவன் அம்புக்குறியைக் கொண்டுபோனான்.
அவன் கைக்கு மேலே என் கையை வைத்தேன்.
அதில் மா வாசம் இருந்திருக்கும்.

பழைய விளம்பரத் தாள் பூனைப் பெட்டிக்கடியில் கிடக்கிறது,
வட்டமிட்ட விலை மேலே தெரிய.
பதினொன்றரை. நாலுக்கு எழும்ப வேண்டும்.
இதை எப்படி நிப்பாட்டுறது என்று கேட்டேன்.
காட்டினான்.